பதிவுப் பெயர், கூப்பிடு பெயர்: கண்காட்சி நாய்க்கும் குதிரைக்கும் பெயர் தேடும் முறை

கண்காட்சிக்குப் போகும் நாய்க்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று தாளில் இருப்பது, மற்றது வீட்டில் கூப்பிடுவது. 2022-ல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதலிடம் பெற்ற பிளட்ஹவுண்ட் நாயை எல்லோரும் ‘ட்ரம்பெட்’ என்றே அறிவார்கள். கேட்டலாகில் அதன் பெயர் ‘ஃபிளெஸ்னர்ஸ் டூட் மை ஓன் ஹார்ன்’. முதல் சொல் வளர்த்தவரின் அடையாளம். மீதி, தன் தம்பட்டத்தைத் தானே அடித்துக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வழக்கு. ஊதுகொம்பு என்ற கூப்பிடு பெயரும் கொம்பூதும் பதிவுப் பெயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 2008-ல் அதே மேடையில் வென்ற முதல் பீகிள் நாயின் கூப்பிடு பெயர் ‘ஊனோ’, அதாவது ஒன்று. பதிவுப் பெயர் ‘கே-ரன்ஸ் பார்க் மீ இன் ஃபர்ஸ்ட்’. இங்கும் ஒன்றும் முதலும் கைகோத்திருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மனதுக்குப் பிடித்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதைப் படிவத்துக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள், நிராகரிக்கப்பட்டதும் சோர்ந்துபோகிறார்கள். முதலில் கட்டுப்பாடுகளைக் கையில் எடுங்கள். எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் தொடங்க வேண்டும், தகப்பன் தாய் பெயர் என்ன என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பெயர் வருவதற்கான பாதி வழி தானே திறந்துவிடும். கற்பனை வற்றிப்போவது எல்லை இல்லாத இடத்தில்தான்.

முதலில் எந்தப் பதிவேடு என்று பாருங்கள்

நாய் என்றால் நம் நாட்டில் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அதன் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம்மூர் இனங்களும் இங்கே பதிவாகின்றன. பந்தயத்துக்கான தரோபிரெட் குதிரை என்றால் ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா. படிவத்தையும் நடப்பு விதிகளையும் அங்கிருந்தே நேரடியாக வாங்குங்கள். நண்பர் ஐந்து வருடத்துக்கு முன் நிரப்பிய படிவத்தைப் பார்த்து எழுத வேண்டாம்.

விதிகள் எப்படிப்பட்டவை என்று புரிந்துகொள்ள அமெரிக்க முறையைப் பார்ப்பது வசதி. அங்கே எல்லாம் வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. தரோபிரெட் குதிரைக்கு அந்நாட்டு ஜாக்கி கிளப் அனுமதிப்பது 18 எழுத்து. இடைவெளியும் நிறுத்தற்குறியும் அந்தப் பதினெட்டுக்குள் அடக்கம். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் நாய்க்கு 36. கூடுதல் கட்டணம் கட்டினால் 50 வரை போகலாம்.

பதினெட்டு என்பது எவ்வளவு இறுக்கமானது என்று காட்ட ஒரு குதிரைக் குடும்பமே போதும். 2015-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ‘அமெரிக்கன் ஃபாரோ’வின் தகப்பன் பெயர் ‘பயனியர் ஆஃப் த நைல்’. ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், இடைவெளிகளோடு பத்தொன்பது வருகிறது. ஒன்று கூடிவிட்டது. அதனால் முதல் இரண்டு சொற்களையும் ஒட்டி, ‘பயனியர்ஆஃப்’ என்று ஒரே சொல்லாக எழுதிப் பதினெட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தாயின் பெயர் ‘லிட்டில்பிரின்சஸ்எம்மா’. மூன்று சொல்லையும் இடைவெளி விடாமல் கோத்தால் மிகச் சரியாகப் பதினெட்டு. இடைவெளியை விழுங்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. ஆனால் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பெயரைக் கேட்டலாகில் படிப்பவர் எங்கே பிரிப்பது என்று தடுமாறுவார்.

எழுத்து எண்ணிக்கைக்கு அடுத்து, எது கூடாது என்ற பட்டியல். அமெரிக்க ஜாக்கி கிளப் மறுப்பவற்றில் அடிக்கடி மாட்டிக்கொள்பவை இவை: முழுக்க முதலெழுத்துகளால் ஆன பெயர், குட்டி, பெட்டை, பொலிகுதிரை போன்ற சொல்லில் முடியும் பெயர், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எண்ணில் முடியும் பெயர், எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் வைத்த, உயிரோடு இருப்பவரின் பெயர், பந்தயத் திடலின் பெயர், வியாபாரப் பெயர், ஆபாசமாக ஒலிப்பது. கடந்த 25 ஆண்டுகளில் முதல்தரப் பந்தயம் வென்ற குதிரைகளின் பெயரும் கிடைக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குதிரையின் பெயரோடு எழுத்திலோ ஒலியிலோ நெருங்கினாலும் மறுத்துவிடுவார்கள். நாய்க்கான பதிவேடுகளில் ‘சாம்பியன்’, ‘வின்னர்’ போன்ற சொற்களைப் பெயருக்குள் வைக்க முடியாது. பட்டம் என்பது ஜெயித்த பிறகு பெயருக்கு முன்னால் சேர்வது. அதை முன்பணமாகக் கேட்க முடியாது அல்லவா?

கென்னல் பெயர்: யாருடையது, எங்கே நிற்கும்

நாயின் பதிவுப் பெயரில் ஒரு பகுதி வளர்ப்பாளரின் கென்னல் பெயர், அதாவது அவரது நாய் வளர்ப்பகத்தின் பெயர். குட்டியை நீங்கள் விலைக்கு வாங்கியிருந்தால் அது உங்கள் பெயர் அல்ல, குட்டியை ஈன்ற தாயை வைத்திருந்தவரின் பெயர். வாங்கியவர் அதை நீக்க முடியாது. எத்தனை கை மாறினாலும் அது ஒட்டிக்கொண்டே வரும். பெல்ஜியத்தில் இருக்கும் எஃப்.சி.ஐ. என்ற உலக அமைப்பில் பதிவான கென்னல் பெயர் இன்னொருவருக்குத் தரப்படுவதில்லை.

நீங்களே குட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் இணை சேர்ப்பதற்கு முன்பே கென்னல் பெயருக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். அலுவலகக் காகிதம் அதைவிட மெதுவாக நகரும். பெயர் வருவதற்குள் குட்டி பிறந்து, அவற்றைப் பதியும் கெடுவும் வந்துவிட்டால், முதல் ஈத்து முழுவதும் கென்னல் பெயர் இல்லாமலே பதிவாக நேரும். பின்னால் எத்தனை புகழ் வந்தாலும் அந்தக் குட்டிகள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று தாள் சொல்லாது.

கென்னல் பெயரைச் சிறியதாக வையுங்கள். ஆறேழு எழுத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு குட்டியின் பெயரிலிருந்தும் அந்த நீளத்தைத் திருடிக்கொண்டே இருக்கும். நதி, மலை, ஊரின் பழம்பெயர் எல்லாம் நன்றாகப் பொருந்தும். ஆனால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் அவைதான் என்பதால் மூன்று நான்கு மாற்றுப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

எந்த எழுத்தில் தொடங்க வேண்டும்

சில நாடுகளில் முதல் எழுத்து உங்கள் கையில் இல்லை. பிரான்ஸில் நாய்க்கு ஆண்டுக்கு ஓர் எழுத்து. 2005 ஏ, 2024 வி, 2025-ல் மறுபடி ஏ. கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறையும் விட்டுவிட்டு இருபது எழுத்தைச் சுற்றுகிறார்கள். அந்த ஆறில் பெயர் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது. ஜெர்மனியில் ஆண்டுக்கல்ல, ஈத்துக்கு ஓர் எழுத்து: ஒரு கென்னலின் முதல் ஈத்துக் குட்டிகள் எல்லாம் ஏ, இரண்டாவது பி. பெயரைப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனையாவது ஈத்து என்று சொல்லிவிடலாம்.

குதிரைகளிலும் இது உண்டு. நெதர்லாந்தின் வார்ம்பிளட் குதிரைகளுக்கு ஆண்டெழுத்து. டிரெஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டி உலகை ஆண்ட ‘டோட்டிலாஸ்’ 2000-ல் பிறந்தது, எழுத்து டி (T). ‘வலேக்ரோ’ 2002, எழுத்து வி. ஜெர்மனியின் டிராகேனர் இனத்தில் குட்டியின் பெயர் தாயின் முதலெழுத்தில் தொடங்க வேண்டும். ஹனோவர், ஓல்டன்பர்க் குதிரைகளில் தகப்பனின் எழுத்து வழி வருகிறது. ‘டோனர்வெட்டர்’ என்றால் இடிமழை. அதன் மகன் ‘டோனர்ஹால்’. அதன் மகன் ‘டி நீரோ’. மூன்று தலைமுறையும் டி-யில் (D) நிற்கின்றன.

இந்தக் கட்டாயம் நம்மிடம் இல்லாவிட்டாலும் உங்கள் கென்னலுக்கு நீங்களாகவே ஈத்தெழுத்து முறையை வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்துப் பழைய பதிவுகளைப் புரட்டும்போது அதன் அருமை தெரியும். தமிழ்ச் சொற்களில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சூட்சுமம்: தமிழில் ‘ப’ ஒன்றுதான், படிவத்தில் அது இரண்டு எழுத்தாகப் பிரியும். பி (B) ஈத்துக்கு ‘பாரி’ செல்லாது, ‘பைரவி’, ‘பூபாளம்’, ‘பிலஹரி’ செல்லும். ராகங்களின் பட்டியல் இங்கே கைகொடுப்பது இதனால்தான். அதேபோல ‘க’ கே-யாகவும் ஜி-யாகவும், ‘த’ டி-யாகவும் (T) இன்னொரு டி-யாகவும் (D) போகும். எழுத்தைத் தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் நிரப்பினால் ஒரு குட்டி தனியாக வேறு எழுத்தில் நின்றுவிடும்.

தகப்பன், தாய் பெயரிலிருந்து பெயர் எடுப்பது

பெயருக்கான ஊற்றுகளில் முதல் இடம் பெடிக்ரி என்ற வம்சாவளிப் பட்டியலுக்குத்தான். மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அந்தச் சொல் எதை நினைவூட்டுகிறது என்று நான்கைந்து சொல் குறியுங்கள். பிறகு தகப்பன் பக்கத்துச் சொல்லும் தாய் பக்கத்துச் சொல்லும் எங்கே சந்திக்கின்றன என்று தேடுங்கள். சந்திக்கும் இடம்தான் பெயர்.

குதிரை வரலாற்றில் இதற்கு மேலான உதாரணங்கள் உண்டு. தகப்பன் ‘பாலினேஷியன்’, தாய் ‘கெய்ஷா’. பசிபிக் தீவின் பூர்வகுடியும், ஆடிப் பாடும் ஜப்பானியப் பெண்ணும் சேர்ந்தால்? ‘நேட்டிவ் டான்சர்’. அதன் மகளின் வயிற்றில், ‘நியர்க்டிக்’ என்ற குதிரைக்குப் பிறந்தது ‘நார்தர்ன் டான்சர்’. வடதிசை தகப்பனிடமிருந்து, நடனம் தாய்வழிப் பாட்டனிடமிருந்து. அதன் மகன் ‘சாட்லர்ஸ் வெல்ஸ்’, லண்டனில் நடனத்துக்குப் பேர்போன அரங்கின் பெயர். அதற்குப் பிறந்தது ‘ஆப்ரா ஹவுஸ்’. அதன் மகன் ஜப்பானில் ஓடிய ‘டி.எம். ஆப்ரா ஓ’. அந்தக் குதிரை 2000-ல் ஓடிய எட்டுப் பந்தயத்திலும் வென்றது. டி.எம். என்பது உரிமையாளர் தன் குதிரைகளுக்கெல்லாம் முன்னால் வைக்கும் குறி. ஜப்பானில் பெயருக்கு ஒன்பது கத்தகானா எழுத்துதான் எல்லை. இந்தப் பெயர் சரியாக ஒன்பது. பாட்டியின் காலத்தில் தொடங்கிய ஆட்டம் ஐந்து தலைமுறை தாண்டியும் மேடையை விட்டு இறங்கவில்லை.

சில பெயர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். ‘சீபிஸ்கட்’டின் தகப்பன் ‘ஹார்ட் டேக்’. அது கப்பலோட்டிகள் தின்ற கெட்டியான ரொட்டி. கடலில் தின்னும் பிஸ்கட்டுக்கு மகன் வேறென்ன ஆவான்?

இப்போது நம் சொற்களில் ஒன்றைச் செய்துபார்ப்போம். தகப்பன் ‘இடிமுழக்கம்’, தாய் ‘முல்லைக்கொடி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிக்கு எதிரே மழை, மேகம், மின்னல், பறை, சிங்கம் என்று எழுதலாம். முல்லைக்கு எதிரே மணம், வெண்மை, பாரி, தேர், காடு. இன்னும் கொஞ்சம் யோசித்தால் திணை வரும். முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. இடி இருப்பதும் கார்காலத்தில்தான். சந்திப்பு கிடைத்துவிட்டது. ‘கார்மேகம்’, ‘கார்காலத்து மாலை’, ‘முதல் மழை’ என்று வரிசையாக இறங்கும். பெயரைக் கேட்டவர் தகப்பன் தாய் பெயரையும் கேட்டால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அடுத்தது எண்ணிக்கை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பதினெட்டுக் கட்டத்தைக் கோடிட்டுக்கொண்டு ஒரு கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தாக நிரப்புங்கள், இடைவெளிக்கும் ஒரு கட்டம் விட்டு. ‘கார்மேகம்’ எட்டுக் கட்டம். ‘கார்காலத்து மாலை’யில் ‘மா’வுக்கு இரட்டை ஏ வைத்துவிட்டு, ‘கார்கால’வில் வரும் இரண்டு ‘கா’வுக்கும் ஒற்றை ஏ மட்டும் போட்டால், பதினேழு. நெடில் தெரியட்டும் என்று இரண்டு இடத்திலும் ஏ-யை இரட்டித்தால் பத்தொன்பது ஆகி வெளியே தள்ளிவிடும். தமிழ்ப் பெயர்களில் இடம் தின்பது இந்த நெடில்தான். எங்கே இரட்டிப்பது, எங்கே ஒற்றை என்பதை முதலிலேயே தீர்மானித்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

மற்ற ஊற்றுகள்

பெடிக்ரி ஊமையாக இருந்தால், அதாவது ‘டைகர்’ தகப்பனும் ‘ராணி’ தாயுமாக இருந்தால், வேறு இடத்தில் தோண்ட வேண்டியதுதான்.

பிறந்த நாள் ஒரு வழி. 1764 ஏப்ரல் 1 அன்று சூரிய கிரகணத்தின்போது பிறந்த குட்டிக்கு ‘எக்லிப்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய தரோபிரெட் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் ஆண்வழி அந்தக் குதிரைக்குப் போகிறது. உங்கள் குட்டி பிறந்த நாளின் நட்சத்திரம், திதி, அன்று பெய்த மழை, அன்று நடந்த திருவிழா எல்லாவற்றையும் பிறந்த அன்றே குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நிறமும் நடையும் இன்னொரு வழி. செவலை, மயிலை, காரி என்று நம் ஊரில் மாட்டுக்குச் சொல்லும் நிறப்பெயர்கள் குதிரைக்கும் நாய்க்கும் அழகாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சாம்பல் நிறக் குதிரைக்குட்டி பிறக்கும்போது கறுப்பாகவோ செவலையாகவோ இருந்து, வயது ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். ஆறு மாதக் குட்டியைப் பார்த்துக் ‘காரிருள்’ என்று வைத்தால், எட்டு வயதில் வெள்ளைக் குதிரையின் மேல் அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கும். தகப்பன் தாயில் ஒன்று சாம்பலா என்று பார்த்துவிட்டு நிறப்பெயரைத் தொடுங்கள்.

இலக்கியத்தில் குதிரைப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. சிறுபாணாற்றுப்படையில் காரி என்ற வள்ளலின் குதிரையும் காரி, ஓரியின் குதிரையும் ஓரி. தேசிங்குராஜன் கதைப்பாடலில் அவன் குதிரை பாராசாரி, தோழனின் குதிரை நீலவேணி. கண்ணன் தேரில் பூட்டிய நான்கு: சைப்யம், சுக்ரீவம், மேகபுஷ்பம், பலாஹகம். நிகண்டுகளைப் புரட்டினால் சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம், குறுநில மன்னர் குதிரை கந்துகம். இதில் கோரத்தை மட்டும் இன்று எடுக்க முடியாது. சோழனுக்குப் பொருத்தமாக இருந்தது, இப்போது செய்தித்தாளில் விபத்துக்கு முன்னால் போடும் சொல்லாகிவிட்டது. ‘கனவட்டம்’ இன்னும் புதுமெருகோடு இருக்கிறது.

நாய்க்கு ஞமலி, ஞாளி, சுணங்கன் என்ற பழஞ்சொற்கள் உண்டு. யமனின் இரு நாய்கள் சியாமமும் சபலமும்; ஒன்று கறுப்பு, மற்றது புள்ளி. சபலத்தை விட்டுவிடலாம், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் ஈத்துக்கு ஒரே கருப்பொருள் வைப்பது வேலையை மிகவும் எளிதாக்கும். ஐந்து குட்டிக்கு ஐந்து திணை. நான்கு குட்டிக்கு நான்கு காற்று: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஓட்டத்துக்காகவே பிறந்த சிப்பிப்பாறைக் குட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடைப்பது கடினம். எட்டு, ஆறு, ஆறு, ஐந்து எழுத்து. கென்னல் பெயர் முன்னால் சேர்ந்தாலும் தாராளமாக இடம் இருக்கும். கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது குட்டிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று பெயர் கூடுதலாகத் தரக்கூடியதாகப் பாருங்கள். ஒன்றிரண்டு நிராகரிக்கப்பட்டால் அப்போது கடைசிக் குட்டிக்கு மட்டும் ‘ஜிம்மி’ என்று வைக்க வேண்டி வராது.

சோதிக்கும் முறை

பதினைந்து இருபது பெயர் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குதிரைக்கு என்றால் பந்தய வர்ணனையாளர் மாதிரி வேகமாக, மூன்று முறை தொடர்ந்து. நாக்கு சிக்கினால் அந்தப் பெயர் வேண்டாம். பிறகு தமிழ் தெரியாத ஒருவரிடம் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘இடிமுழக்கம்’ வடக்கே போனால் ‘முஸக்கம்’ ஆகிவிடும், ழகரத்துக்கு நாம் எழுதும் இரண்டு எழுத்தை அவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். ‘ஞமலி’யை எந்த மாநிலத்திலும் சரியாகப் படிக்கமாட்டார்கள். ழ, ஞ, ங மூன்றும் இல்லாத சொல் பயணத்துக்கு ஏற்றது. அக்கம்பக்கத்து மொழிகளில் வேறு பொருள் வருகிறதா என்றும் கேளுங்கள். ‘பட்டி’ என்று தொடங்கும் பெயரோடு கேரளத்துக் கண்காட்சிக்குப் போனால் சிரிப்பார்கள், மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தான்.

தெய்வப் பெயர், சமூகப் பெயர், அரசியல் தலைவர் பெயர் மூன்றையும் தவிருங்கள். தாளில் அழகாக இருக்கும் தெய்வப் பெயரை, வளையத்தில் குட்டி அடங்காதபோது உரக்கக் கத்த வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது அவர் குலதெய்வமாக இருக்கலாம்.

சிலேடைகளில் கவனம் தேவை. இந்த வருடம் எல்லோர் வாயிலும் இருக்கும் வசனம் நாய்க்கு நான்கு வயது ஆகும்போது செத்துப்போயிருக்கும். நாய்க்கோ அதற்கு மேலும் எட்டு வருடம் பாக்கி இருக்கும்.

கூப்பிடு பெயர்

இதற்கு விதி எதுவும் இல்லை, நாயின் காது மட்டுமே விதி. இரண்டு அசை போதும். கட்டளைச் சொல்லோடு ஒலி மோதக் கூடாது. தமிழில் பழக்குகிறீர்கள் என்றால் ‘நிலா’ வேண்டாம்: ‘நில்’ என்று தொடங்கியதுமே நாய் நின்றுவிடும், கூப்பிட்டால் வராது. ‘வாசு’வில் ‘வா’, ‘போலு’வில் ‘போ’. ஆங்கிலக் கட்டளை என்றால் ‘சித்து’வும் ‘சிட்’டும், ‘நீலா’வும் ‘ஹீல்’லும், ‘ஜோ’வும் ‘நோ’வும், ‘ஸ்டான்லி’யும் ‘ஸ்டாண்ட்’டும் மோதும். ஒரே வீட்டில் ‘சீனு’, ‘மீனு’ என்று இரண்டு நாய் இருந்தால் எதைக் கூப்பிட்டாலும் இரண்டும் வரும், அல்லது இரண்டும் வராது.

பதிவுப் பெயரின் ஒரு துண்டையே கூப்பிடு பெயராக வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘கார்காலத்து மாலை’யை ‘முகில்’ என்று கூப்பிடலாம். ட்ரம்பெட்டும் ஊனோவும் அப்படி வந்தவைதான்.

ராஜபாளையம் வாங்கியவர்கள் இந்தக் கட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிட்டுத்தனம் வருவது உண்டு, ராஜபாளையமும் அதற்கு விலக்கல்ல. பெயர் சொல்லி ஒரு வாரம் பழக்கியும் குட்டி திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அது தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். தரையில் காலைத் தட்டாதீர்கள், அதிர்வில் விழித்துவிடும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அனுப்பும்போது

குதிரைக்கான படிவத்தில் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்க முறையில் விருப்ப வரிசையில் ஆறு பெயர் வரை கேட்பார்கள். அந்த ஆறும் ஒரே சொல்லின் ஆறு வடிவமாக இருந்தால் முதலாவது விழுந்த காரணத்துக்கே மற்ற ஐந்தும் விழும். இரண்டு பெடிக்ரியிலிருந்து, இரண்டு பிறந்த நாளிலிருந்து, ஒன்று நிறத்திலிருந்து, ஒன்று வெறும் ஆசையிலிருந்து என்று பிரித்துக் கொடுங்கள். நிராகரிப்புக்கு மனம் தளர வேண்டியதும் இல்லை. 1973-ல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற ‘செக்ரடேரியட்’டுக்கு அந்தப் பெயர் கிடைத்தது, முன்னால் அனுப்பிய பல பெயர்கள் மறுக்கப்பட்ட பிறகுதான்.

எழுதும்போது ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது ஆபத்து. 1773-ல் பிறந்த ஒரு குதிரைக்கு உருளைக்கிழங்கின் பேச்சுவழக்குப் பெயரை வைத்தார் உரிமையாளர். ‘பாட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எட்டு ஓ என்று காதில் வாங்கிய லாயப் பையன், தீவனத் தொட்டியில் அப்படியே எட்டு ஓ-க்களை வரிசையாக எழுதிவைத்தானாம். கதை எவ்வளவு நிஜமோ, பெயர் அப்படித்தான் நிலைத்துவிட்டது. நம் காலத்து ‘அமெரிக்கன் ஃபாரோ’வின் ஃபாரோவிலும் கடைசியில் ஏ-யும் ஓ-வும் இடம் மாறியிருக்கின்றன. இணையத்தில் நிரப்பிய விண்ணப்பத்தில் இருந்தபடியே அது பதிவாகி, வரலாற்றிலும் அப்படியே ஏறிவிட்டது. பெயரைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, வேறொருவரை விட்டு எழுத்தெழுத்தாகக் கடைசியிலிருந்து முதல் வரை படிக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து படித்தால் கண் பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதன் எழுத்துக்கூட்டலை மைக்ரோசிப் பதிவு, தடுப்பூசி அட்டை, உரிமை மாற்றுப் படிவம் மூன்றோடும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் ஒற்றை ஏ, இன்னோரிடத்தில் இரட்டை ஏ இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். அமெரிக்க விதிப்படி குதிரை முதல் பந்தயத்தில் ஓடிவிட்டாலோ இனப்பெருக்கத்துக்குப் போய்விட்டாலோ அதன் பிறகு பெயரை மாற்ற முடியாது.